தொங்கல் சிஸ்டரும் நாலாம் நாள் குழாயும்

சித்தி குழந்தைகள் வார்டை விட்டு வெளியே வந்தது ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டேகாலுக்கு. வீட்டுச் சாவி வாங்குவதற்காக அந்த வார்டின் கதவுக்கு எதிரே முதுகுப்பையோடு முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்ததால் எனக்கு நேரம் துல்லியமாகத் தெரியும். நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தேன். வருகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. சித்தி மலைத்துப் போவாள், கட்டிக்கொண்டு அழுவாள் என்றெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

கதவு திறந்தது. ஒரு கையில் வார்டுக்குள் போடும் நீலச் செருப்பு, இன்னொரு கையில் ஒரு தகர பிஸ்கட் டப்பா. என்னைப் பார்த்தாள். தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வந்தவளைப் பார்ப்பது போல.

"வந்துட்டியா? இந்தா, இதைப் பிடி. ஆட்டாதே, வரிசை கலைஞ்சிடும்."

"பிஸ்கட்டா சித்தி?"

"குழாய். குழந்தைங்க மூக்கு வழியா வயித்துக்குப் போற குழாய். போட்டு எடுத்தது. கழுவிக் காயவெச்சு உறையில போட்டிருக்கேன், மூஞ்சியைச் சுளிக்காதே. நாப்பது இருக்கு."

"ஷிஃப்ட் முடிஞ்சுதா?"

"வார்டே முடிஞ்சுது" என்றாள் சித்தி. "திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்டோர்."

இருபத்தேழு வருஷம் அவள் அந்த வார்டில் நர்ஸ். அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். இறங்கும்போதுதான், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

நடந்தது எல்லாம் எனக்கு அடுத்த சில நாட்களில் துண்டுதுண்டாகத் தெரிந்தது. பாதி சித்தி சொன்னது, மீதி சித்தப்பா சொன்னது. சித்தப்பா சொன்னதில் கால்வாசியைத் தள்ளிவிட வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு உறிஞ்சவும் விழுங்கவும் தெரியாது. ஒரு கிலோகூட இருக்காது சில குழந்தைகள். அம்மாவின் பாலை ஊசிக்குழலில் ஊற்றி, மூக்கு வழியாக வயிற்றுக்குள் விட்ட மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். சித்தியின் வார்டில் அந்தக் குழாயை நாலாம் நாள் எடுத்துவிட்டுப் புதுசு போடுவது வழக்கம். எடுத்ததைக் குப்பையில் போட வேண்டும். எல்லோரும் போட்டார்கள். சித்தியும் பல வருஷம் போட்டாள்.

ஒருநாள் ஒரு குழாயை எடுக்கும்போது அவள் விரலுக்கு ஏதோ உறுத்தியது. உள்ளே போகும்போது நூல் மாதிரி துவண்டது, வெளியே வரும்போது குச்சி மாதிரி நின்றது. புதுக் குழாய் ஒன்றை எடுத்து மேஜை விளிம்புக்கு வெளியே ஒரு சாண் நீட்டி, மேலே அளவுகோலை வைத்து அழுத்தினாள். நுனி தொங்கிய இடத்தை மேஜைக் காலில் பென்சிலால் குறித்தாள். எட்டு விரற்கடை. நாலாம் நாள் குழாயை அதே மாதிரி நீட்டினாள். மூன்று விரற்கடைகூடத் தொங்கவில்லை.

அதற்குப் பிறகு எடுக்கிற குழாயையெல்லாம் தொங்கவிட ஆரம்பித்தாள். முதல் நாளிலேயே கழற்ற நேர்ந்தது, இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நாலாம் நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. சின்ன நர்ஸ்கள் அவளுக்கு 'தொங்கல் சிஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். "சிஸ்டர், இன்னிக்கு எத்தனை தொங்கல்?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள். சித்தி கோபித்துக்கொண்டதே இல்லை. பெயர் வைக்கும் அளவுக்காவது கவனித்தார்களே என்பாள்.

குழாயிலிருந்து போனது என்ன என்று அவளுக்குச் சொன்னது டாக்டர் இல்லை. சித்தப்பா.

சித்தப்பாவுக்கு வண்டிகளுக்கு ரெக்சின் சீட் உறை தைக்கிற வேலை. புது ரெக்சின் சுருளைப் பிரித்தால் ஒரு வாசனை வரும். அதை மூக்கு விடைக்க இழுத்து, "ஆஹா, புது வண்டி" என்று கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சித்தி இரண்டு குழாய்களையும் போட்டாள். சித்தப்பா தட்டை நகர்த்திக்கொண்டு, எடுத்து வளைத்துப் பார்த்தார்.

"இதுக்கு எண்ணெய் இறங்கிடுச்சும்மா."

"என்ன எண்ணெய்?"

"இதுவும் ரெக்சின் ஜாதிதான். அந்தச் சரக்கு பொறந்தப்ப ஓடு மாதிரி விறைப்பா இருக்கும். மடிக்கிறதுக்காக ஒரு எண்ணெயைச் சேர்க்கறாங்க. அது உள்ளேயே ஒட்டிக்கிட்டு நிக்காது, கொஞ்சம் கொஞ்சமா கழண்டு வரும். வெயில்ல நிக்கிற வண்டில பாரு, சீக்கிரம் எண்ணெய் இறங்கி, சீட் வெறைச்சு, வெடிச்சுடும்."

"இறங்கி எங்க போகும்?"

"முன் கண்ணாடியில பிசுக்கு மாதிரி படியும். துணியால துடைச்சாலும் வழுக்கிக்கிட்டே இருக்கும். நான்தானே துடைச்சுக் குடுக்கறேன்."

சித்தி குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாளாம். பிறகு, "எங்க வார்டுல கண்ணாடி இல்லங்க" என்றாளாம். "குழந்தைதான் இருக்கு."

சித்தப்பா அன்றைக்குச் சாப்பாட்டை முடிக்கவில்லை என்று சித்தி சொல்கிறாள். முடித்தேன், ஆனால் ருசிக்கவில்லை என்று சித்தப்பா சொல்கிறார்.

அவள் படிக்க ஆரம்பித்தாள். மடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்திருக்கிறாள், நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணெய்க்கு நீளமான பெயர்கள் பல. கொழுப்பு பட்டால் அதிகம் கழன்று வரும், பாலில் இருப்பது கொழுப்பு. சூடு பட்டாலும் அதிகம் வரும். ரத்தப் பை, மருந்து ஏற்றுகிற குழாய், மூச்சுக் குழாய் என்று ஒரே குழந்தைக்கு ஏழெட்டு வழியில் போகலாம். எலிகளில் ஈரலைக் கெடுத்திருக்கிறது, ஆண் குட்டிகளின் வளர்ச்சியைக் குலைத்திருக்கிறது. மனிதக் குழந்தைகளில் எவ்வளவு கெடுதல் என்பது இன்னும் முழுசாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் அவள் 'தெரியவில்லை' என்பதற்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குக் கீழே: 'அந்த எண்ணெய் சேர்க்காத குழாயும் கிடைக்கிறது.'

வார்டின் தலைமை மருத்துவரிடம் நோட்டைக் காட்டினாள். அவரைப் பெரிய டாக்டரம்மா என்பார்கள். அதிகம் பேசாதவர், கையில் எப்போதும் ஒரு பழைய தோல்வார்க் கடிகாரம். யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், அவர் காதுபட மற்றவர்களும் கூப்பிட மாட்டார்கள். புரட்டிப் பார்த்துவிட்டு, "குழாய் தேர்வு செய்யற வருஷாந்திரக் கூட்டம் வரட்டும், பார்க்கலாம்" என்றார். அதற்கு ஏழு மாதம் இருந்தது. வார்டில் அன்று பதினாறு குழந்தைகள்.

சித்தி தப்பு செய்தது அந்த இடைவெளியில்.

பதினொன்றாம் தொட்டிலில் ஒரு பெண் குழந்தை, ஒரு கிலோ நூறு கிராம். அதன் அம்மா நாள் பூராவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். சித்தி அளவுகோலை எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"எதுக்கு சிஸ்டர் குழாயைத் தொங்கப் போடறீங்க?"

சித்திக்குப் பொய் வராது. வராதது ஒரு குறைதான் என்று சித்தப்பா சொல்லுவார். "இதுல இருக்கற ஒரு எண்ணெய் கழண்டு குழந்தைக்குள்ள போகுதும்மா. எவ்வளவுன்னு பாக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டுப் பக்கத்துத் தொட்டிலுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு குழந்தைக்கு மூச்சுக் கருவி கத்திக்கொண்டிருந்தது.

பால் பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா குழாயைப் பிடித்து இழுத்துவிட்டாள். வெளியே வருகிற வழியில் பால் தொண்டையில் சிந்தி, மூச்சுக்குழலுக்குள் போயிற்று. குழந்தை நீலமாகிவிட்டது. சித்திதான் முதலில் ஓடினாள், அவள்தான் உறிஞ்சி எடுத்தாள். குழந்தை பிழைத்தது, ஆனால் ஐந்து நாள் ஆக்சிஜனில் இருந்தது.

பெரிய டாக்டரம்மா கத்தவில்லை. "குழாயைப் பத்தி நீங்க சொல்றதுக்கு நான் அப்புறம் வர்றேன் சிஸ்டர். இன்னிக்கு அந்தக் குழந்தை நீலமாச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஸ்டோர் என்றும் சொன்னார். இதுதான் அந்த வியாழக்கிழமை.

நான் ஒரு வாரம் தங்கலாம் என்று வந்தவள். முதுகுப்பையைப் பிரிக்காமலே ஐந்து மாதம் இருந்துவிட்டேன். என் சித்தப்பா அதைத் தினமும் தாண்டிப் போகும்போது, "மகாராணி புறப்பாடு எப்போ?" என்று கேட்பார். பதில் சொல்வதற்குள், "இருடி, இந்த சீட் உறையைக் கொஞ்சம் பிடி" என்று வேலை கொடுத்துவிடுவார்.

அந்த மாதங்களில் சித்தி ஒரு விஷயத்தைப் பயிற்சி செய்தாள். சமையல் மேடையில் என்னை உட்காரவைத்து, நான்தான் அந்த அம்மா என்று வைத்துக்கொண்டு, பேசிப் பேசிப் பார்ப்பாள்.

"இந்தக் குழாய்ல ஒரு எண்ணெய் இருக்கும்மா..."

"நான் இழுத்துட்டேன் சித்தி."

"அடிப்பாவி! நான் முடிக்கவே இல்லியே!"

"அவளும் முடிக்க விடலியே."

மறுபடி ஆரம்பிப்பாள். எத்தனையோ நாள் கழித்து ஒரு மாலையில் சரியாக வந்தது. "உங்க குழந்தைக்கு இந்தக் குழாய் வேணும். இது இல்லாட்டிப் பசியாறாது. முதல்ல அது. இதைவிட நல்ல குழாய் ஒண்ணு இருக்கு, அதைக் கேட்டுக்கிட்டிருக்கோம். கேக்க வேண்டியது எங்க வேலை. குழாயை நாங்கதான் எடுக்கணும்." நான் இழுக்கவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா கை தட்டினார். "எனக்கே ஒரு குழாய் போட்டுக்கலாம்போல இருக்கு" என்றார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் விஷயம் எட்டிவிட்டது. குளியலறை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுலேயும் விஷமா?" என்று கேட்டாள். பழைய சித்தியாக இருந்தால் நோட்டை எடுத்துவந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்திருப்பாள். "வாளி விறைப்பா இருக்கில்ல, அதுக்கு அந்த எண்ணெய் தேவையே இல்ல. துவளுது பாரு, குளியலறைத் திரை, மேஜை விரிப்பு, குழந்தை கடிக்கிற மெத்து பிளாஸ்டிக் பொம்மை, அதுலதான் இருக்கலாம். பொம்மையை மட்டும் மாத்து. வாளியைக் கொண்டுபோய்க் குளி" என்றாள். அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வாளியை வைத்து மாமியாரோடு ஒரு சண்டை போட நினைத்திருந்தாள்.

ஸ்டோர் என்பது ஆஸ்பத்திரியின் பின்கட்டில், அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கிய நீள அறை. ஒரு சன்னல், அதில் கம்பி, கம்பிக்கு நடுவே கை நீட்ட ஒரு ஓட்டை. பொறுப்பாளர் ஒரு வழுக்கைத்தலை மனிதர். எல்லோருக்கும் 'ஸ்டோர் அண்ணன்'. சித்தி அவரைவிட வயதில் மூத்தவள் என்றாலும் அவளும் 'அண்ணே' என்பாள், அவர் 'அக்கா' என்பார், இரண்டு பேருக்கும் அதில் குழப்பமில்லை.

அங்கேதான் சித்தி ஒரு பழைய கோப்பைப் பார்த்தாள். எந்தக் குழாய் வாங்குவது என்று முடிவு செய்யும் கூட்டத்தின் கோப்பு. முறை எளிது: நாலைந்து நிறுவனங்களின் மாதிரிகளை ஒரு தட்டில் பரப்புவார்கள். டாக்டர்களும் மூத்த நர்ஸ்களும் ஒவ்வொன்றாக விரலால் உருட்டி, வளைத்து, எது மிருதுவோ அதற்குக் கை தூக்குவார்கள். குழந்தையின் மூக்கு ஆயிற்றே! பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்த கூட்டத்தில் மூன்றாம் எண் குழாய் முதல்முறை ஜெயித்திருந்தது; அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதுவேதான். அந்த முதல் கூட்டத்தின் தாளில், ஓரத்தில் கருத்து எழுதுகிற கட்டத்தில் ஒரு வரி: 'இதுதான் பூ மாதிரி இருக்கிறது.' கீழே சித்தியின் கையெழுத்து.

அன்று அவள் வீட்டுக்கு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தாண்டி எடுத்திருக்கேன்" என்றாள். "எது ரொம்ப மெத்துனு இருக்கோ அதுலதானே எண்ணெய் ரொம்ப ஊத்தியிருப்பான். பன்னெண்டு வருஷம். எத்தனை மூக்கு!"

"உனக்குத் தெரியாதே சித்தி."

"விரலுக்குத் தெரிஞ்சிருக்கணும். புதுசை மட்டும்தானே தொட்டுப் பாத்தோம். யாருமே பழசைத் தொடலியே."

பதினொன்றாம் தொட்டில் அம்மா வந்தது அதற்கடுத்த வாரம். குழந்தை இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டது, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நான் சித்திக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டுபோயிருந்தேன். கம்பிச் சன்னலுக்கு வெளியே துணிமூட்டையை மார்போடு அணைத்தபடி அவள் நின்றாள். சித்தி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"உங்க மேல எனக்குக் கோபம் இன்னும் போகல சிஸ்டர்" என்றாள் அந்த அம்மா.

"போகக் கூடாதும்மா. நான் பாதி சொல்லிட்டுப் போயிட்டேன்."

"முழுசா சொல்லுங்க."

சித்தி சொன்னாள். சமையல் மேடையில் பழகிய அதே வரிசையில். அந்த அம்மா கேட்டுவிட்டு, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு ஒரு சின்ன உறையை மேஜைமேல் வைத்தாள்.

"கடைசியா எடுத்த குழாய். சின்ன சிஸ்டர் தூக்கிப் போடப் போனாங்க, நான் கேட்டு வாங்கினேன். நாலாம் நாள்தான். உங்ககிட்ட இருக்கறதோட வெச்சுக்குங்க."

நாற்பத்தொன்று. அவள் போன பிறகு சித்தி அதைத் தொங்கவிட்டாள். மூன்று விரற்கடைகூட இல்லை. ஸ்டோர் அண்ணன் மூக்கை உறிஞ்சினார். தூசி என்றார்.

தேர்வுக் கூட்டம் வந்தது. மாதிரித் தட்டைத் தயார்செய்வது ஸ்டோரின் வேலை, அதாவது இப்போது சித்தியின் வேலை. "அண்ணே, நான் ரெண்டு தட்டு வைக்கப்போறேன்" என்றாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "விதியில ஒரு தட்டுன்னுதான் இருக்கு. ரெண்டு வைக்கக் கூடாதுன்னு இல்ல" என்றார்.

முதல் தட்டில் புதுக் குழாய்கள், எண் மட்டும் போட்டு. ஆறு பேர் உருட்டினார்கள், வளைத்தார்கள். ஐந்து கைகள் மூன்றாம் எண்ணுக்கே உயர்ந்தன. பெரிய டாக்டரம்மா கையும். அப்போது சித்தி இரண்டாம் தட்டின் துணியை எடுத்தாள். ஒட்டிய உறைகளில் நாலாம் நாள் குழாய்கள், மேலே சீட்டுகள். பக்கத்தில் வேறு ஒன்று: பெரியவர்கள் வார்டில் நெடுநாள் நோயாளிகளுக்குப் போடுகிற, அந்த எண்ணெய் இல்லாத குழாய். மூன்று வாரம் ஒருவர் வயிற்றில் இருந்துவிட்டு வெளியே வந்தது.

"இந்த நாலாம் நாள் குழாயும் மூணாம் நம்பர்தான் மேடம். உறைக்கு மேலேயே வளைச்சுப் பாருங்க."

வளைத்தார்கள். மூன்று வாரக் குழாய் துவண்டது, நாலு நாள் குழாய் நின்றது.

"பன்னெண்டு வருஷம் முன்னாடி மூணாம் நம்பருக்கு முதல் கை தூக்கினது நான்" என்றாள் சித்தி. "பூ மாதிரின்னு எழுதியும் குடுத்தேன். குழாய் வேண்டாம்னு சொல்லல. இது இல்லாம குழந்தைங்க பிழைக்காது. நாலாம் நாளும் தொட்டுப் பார்த்துட்டுக் கை தூக்கலாம்னு சொல்றேன், அவ்வளவுதான்."

பெரிய டாக்டரம்மா பதினொன்றாம் தொட்டில் குழாயைக் கையில் எடுத்தார். சீட்டைப் படித்தார். பிறகு, "பச்சிளம் குழந்தைகளுக்கு ஏத்த மெல்லிய அளவுல அந்த இன்னொரு குழாய் வருதான்னு விசாரிங்க. சோதிச்சுப் பார்க்காம நான் மாத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவ்வளவுதான். கைதட்டல் இல்லை. சித்தியை வார்டுக்குத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. விசாரிப்பதற்கு நாலு மாதம், மாதிரி வர இன்னும் சில மாதம் என்று கோப்பு தன் வேகத்தில் நகர்ந்தது. அதற்குள் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. கிளம்பினேன். சித்தப்பா என் முதுகுப்பையின் கிழிந்த வாரைத் தைத்துக் கொடுத்தார். ரெக்சினில் இல்லை, கெட்டித் துணியில். "உங்க சித்தி பார்த்துட்டு இருக்கா, நான் என்ன பண்றது" என்று காதோரமாகச் சொன்னார்.

போகிற இடமெல்லாம் சித்தியோடு பேசினேன். சாப்பிட்டாயா என்பாள், மழையா என்பாள். வார்டைப் பற்றி நான் கேட்டால், "ஸ்டோர்ல பஞ்சு வந்திருக்கு, நல்ல பஞ்சு" என்பாள். ஒரு தடவை மட்டும், ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம்தான் என்று சொல்லிவிட்டு, "பிஸ்கட் டப்பாவை என்னடி பண்றது?" என்று கேட்டாள்.

கூட்டம் நடந்து ஒரு வருஷம் ஐந்து மாதம் கழித்து, ஒரு படகுத்துறை வரிசையில் நான் நின்றுகொண்டிருக்கும்போது ஃபோன் சிணுங்கியது. சித்தி தனக்கு வந்த ஒரு செய்தியை எனக்கு அப்படியே அனுப்பியிருந்தாள். தன் பங்குக்கு ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை.

ஒரு படம். வார்டு மேஜையின் விளிம்பு. மேலே ஒரு அளவுகோல், அதை அழுத்திப் பிடித்திருக்கும் கை, மணிக்கட்டில் பெரிய டாக்டரம்மாவின் பழைய தோல்வார்க் கடிகாரம். விளிம்புக்கு வெளியே இரண்டு குழாய்கள், பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு துவண்டு தொங்குகின்றன. மேஜைக் காலில் சித்தியின் பென்சில் கோடு இன்னும் அழியவில்லை.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது:

"இடப்பக்கம் புதுசு. வலப்பக்கம் நாலாம் நாள். இன்றைக்குப் பதினாறு தொட்டிலிலும் இதுதான். சரியாகத் தொங்கவிட்டிருக்கிறேனா, தொங்கல் சிஸ்டர்?"